ஊசியின் மூன்றாவது துண்டு

போன வாரம் போரூரில் ஒரு ஷூ கடையில் என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கறுப்பு ஷூ வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் பெட்டியைத் திறந்து கொடுத்ததும் நான் வழக்கம்போல ஷூவுக்குள் கையை விட்டேன். முன்பக்கம் விரல் போகிற மட்டும் விட்டுத் தடவினேன். பக்கவாட்டில் தடவினேன். கணுக்காலைச் சுற்றி ஒரு மெத்தை வருமே, அதை அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்த்தேன். ஒரு ஜோடி முடிந்து அடுத்த ஜோடி. கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம் தேடறீங்க? எல்லாம் புது பீஸ்தான்" என்றார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். வீடு வந்து சேரும்வரை மூச்சு விடவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எதற்கெடுத்தாலும் மானம் போகிற வயசு.

அவளிடம் சொல்லியிருக்கலாம். ஊசி முனை தேடுகிறேன்டி, மெஷின் ஊசி உடைந்த துண்டு, அரை அரிசி அளவுதான் இருக்கும் என்று. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று ஆரம்பித்தால் எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்தரைப் பற்றிச் சொன்னால் என் மகளைப் பெற்றவள் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதும் கூடவே வந்துவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர். சென்னையில் இதைச் சொன்னால் கேட்கிறவர் முகம் மலர்ந்துவிடும். "அட, பிரியாணி!" என்பார்கள். ஏதோ நாங்கள் எல்லோரும் காலையில் பல் விளக்கிவிட்டு நேரே அண்டாவுக்குள் இறங்குகிற மாதிரி. என் ஆபீசில் ஒருவர், "அடுத்த தடவ போனா ஒரு பக்கெட் வாங்கிட்டு வாங்க" என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நாக்கில் எச்சில் ஊறும். நான் பேச்சை மாற்றிவிடுவேன். இந்தத் தொல்லை வேண்டாமென்று மற்றவர்களிடம் ரொம்ப காலம் வேலூர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வேலூர் என்றால் கோட்டை, ஆஸ்பத்திரி, வெயில் என்று மூன்று கேள்வியோடு ஆளை விட்டுவிடுவார்கள்.

பிரியாணி வாசனை பஜாரோடு சரி. ஊர் முழுக்க இருப்பது தோல் வாடை. பச்சைத் தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து அழுகுகிற வாடை. ஆனால் ஊரில் இருந்தவரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ரயில் ஆம்பூரை நெருங்கும்போது வெளியூர்க்காரர்கள் படபடவென்று ஜன்னலை இறக்குவார்கள். மழை வருகிறதோ என்று நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், மழை என்றுதான் நினைத்தேன்.

எனக்குத் தெரிந்த வாடை சொல்யூஷன் வாடைதான். ஷூவின் மேல்பாகத்தை ஒட்டுகிற பசைக்கு அந்தப் பெயர். தலையை லேசாகக் கிறுகிறுக்க வைக்கும், கொஞ்ச நாளில் பழகிவிடும். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஷூ கம்பெனிக்குப் போனேன். எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். காலையில் கம்பெனி பஸ் வரும். எஸ்தர் பேரணாம்பட்டு ரோட்டிலேயே ஏறி எனக்கும் சேர்த்து சீட் பிடித்து வைத்திருப்பாள். என்னைவிட மூன்று வயசு பெரியவள். முதல் நாள் மரியாதையாக அக்கா என்று கூப்பிட்டதற்குத் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "வாடி போடின்னு கூப்புடு. இல்லாங்காட்டி பேசாத."

எஸ்தர் போஸ்ட் மெஷின் ஓட்டுவாள். சாதாரணத் தையல் மெஷின் மாதிரி தட்டையாக இருக்காது அது. நடுவில் ஒரு கம்பம் நிற்கும், அதன் தலையில் ஷூவின் வளைவை வைத்துத் திருப்பித் திருப்பித் தைக்க வேண்டும். புதுசாக உட்காருகிறவர்களுக்கு ஒரு மாதத்தில் விரல் நகம் ஒன்றாவது போகும். எஸ்தர் பக்கத்து மெஷின்காரியோடு வம்பளந்துகொண்டே தைப்பாள், சர்ச் பாட்டை முனகிக்கொண்டே தைப்பாள். தையல் கோடு மட்டும் இம்மி பிசகாது. அவள் பீஸ் என் மேசைக்கு வந்தால் நான் பார்க்காமலே தள்ளிவிடலாம்.

நான் செக்கர். பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலீஷில் சைஸ் நம்பர் படிக்கத் தெரிந்தது என்பதற்காக மூன்றாம் மாதமே என்னை அங்கே உட்கார வைத்தார்கள். கையில் ஒரு ஸ்டிக்கர் சுருள் இருக்கும், எல்லாம் சின்னச் சின்ன சிவப்பு அம்புகள். எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே தோலில் கீறல் இருக்கிறதோ அங்கே ஓர் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் எங்கள் லைனில் மெஷின் ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "எனுக்கு எத்தினி அம்பு வுட்ட இன்னிக்கி?" எஸ்தர் மட்டும் கேட்கவே மாட்டாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை அந்த வேலையில். மெஷின்காரிகளைவிட ஒரு படி மேலே என்று நினைப்பு. ஆனால் மெஷின் ஓட்டத் தெரியாதே என்று ஒரு அரிப்பும் உள்ளுக்குள் இருந்தது.

ஊசி நோட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கம்பெனியில் எதை வேண்டுமானாலும் தொலைக்கலாம், உடைந்த ஊசியைத் தொலைக்கக் கூடாது. ஊசி உடைந்தால் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் காந்தத்தோடு வருவார். துண்டுகளையெல்லாம் பொறுக்கி நோட்டில் முழு ஊசி மாதிரி வரிசையாக வைத்து, மேலே செலோ டேப் ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தால் போச்சு. லைனை நிறுத்திக் கூடை கூடையாகக் கொட்டித் தேடுவார்கள். அன்றைய டார்கெட் முடிகிறவரை ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. உடைத்தவளை அத்தனை பேரும் கரித்துக் கொட்டுவார்கள். அதனால் ஒவ்வொருத்தியும் திருட்டுத்தனமாக ஓர் ஊசி வைத்திருப்பாள். உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வதற்கு. எஸ்தர் தன்னுடையதை மேசைக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். அந்த இடம் எனக்கும் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரம். "ஓட்டிப் பாக்கறேன்டி" என்று எஸ்தரை நச்சரித்தேன். செக்கர் மெஷினில் உட்காரக் கூடாது என்பது கம்பெனி சட்டம். "ஸ்கிராப்ல ஓட்டு, நல்ல பீஸைத் தொட்டினா கைய ஒடச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போனாள். நான் ஒரு துண்டுத் தோலை வைத்து ஓட்டினேன். வளைவில் திருப்பும்போது டக்கென்று ஒரு சத்தம். ஊசி மூன்றாக உடைந்தது. ஒரு துண்டு மெஷினிலேயே நின்றது, ஒன்று மேசைமேல் கிடந்தது. மூன்றாவது, முனைத் துண்டு, காணோம். தரையில் தவழ்ந்து தேடினேன். பக்கத்தில் எஸ்தரின் கூடை நிறைய குழந்தைகள் ஷூவின் மேல்பாகங்கள். அதில் கை வைக்கும்போதே மணி அடித்துவிட்டது. மேசைக்கு அடியில் கை விட்டு அந்தத் திருட்டு ஊசியை எடுத்து மாட்டினேன். இரண்டு துண்டையும் கர்ச்சீப்பில் சுருட்டிக்கொண்டுபோய் டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். எஸ்தர் வந்து உட்கார்ந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், இல்லை, அப்படி நினைத்ததாக இத்தனை வருஷம் என்னையே நம்ப வைத்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு லைன் கடைசியில் இருந்த மெட்டல் டிடெக்டர் கத்தியது. ஒரு குழந்தை ஷூவின் கணுக்கால் மெத்தைக்குள் ஊசி முனை. கூடையோடு வருகிற வேலைக் கார்டில் எஸ்தரின் நம்பர். சூப்பர்வைசர் ஊசி நோட்டைப் புரட்டினார், அன்றைக்கு அவள் பெயரில் ஒன்றும் இல்லை. மேசைக்கு அடியில் தடவினார், டேப் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. "திருட்டு ஊசி மாட்டிட்டு கம்முனு இருந்திருக்க. ஒரு கொழந்த கால்ல ஏறியிருந்தா?" என்று கத்தினார். பிறகு என் மேசைக்கு வந்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவர், "உன்னைச் சொல்லி இன்னா ஆவறது, கண்ணுக்குத் தெரியாததுக்கு செக்கர் இன்னா செய்வா" என்று எனக்காக அவரே பேசிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன்.

எஸ்தரை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவே இல்லை. அரை மணி நேரத்தில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் குனிந்து ஓர் அம்பைச் சுருளிலிருந்து பிய்த்து, குறையே இல்லாத ஒரு பீஸில் ஒட்டினேன். ஏன் ஒட்டினேன் என்று கேட்காதீர்கள். கையை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வேலை போய்விடும் என்ற பயம் என்று பல தடவை எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டதுண்டு. அது பிறகு வந்த பயம். முதலில் வந்தது வெட்கம். இத்தனை அம்பு ஒட்டினவள் செய்த காரியத்தைப் பார் என்று லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்குமே, அந்த வெட்கம். அவ்வளவு அற்பமான காரணம். எஸ்தர் வேறு கம்பெனிக்குப் போனாள், எடுக்கவில்லை. ஊசி விஷயம் ஊரில் காற்று மாதிரி பரவும். இன்னொரு கம்பெனியில் கேட்டைக்கூடத் தாண்ட விடவில்லை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். நான் அவள் பிடித்து வைக்கிற சீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். அஞ்சல் வழியில் டிகிரி முடித்தேன், சென்னையில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. ஊருக்குப் போனால் மறுநாளே திரும்பிவிடுவேன். "இன்னா சுடுதண்ணிய கால்ல ஊத்தினு வர்ற?" என்று சித்தி கேட்கும். லீவு இல்லை என்பேன்.

போன மாதம் சித்தப்பா மகன் கல்யாணம். பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் புதுசாக இருந்தது. போய் இறங்கினால், எங்கள் கம்பெனி! கம்பெனி எப்போதோ மூடிவிட்டதாம். ஷெட்டுக்குத் தங்கக் கலரில் பெயின்ட் அடித்து, வாசலில் பிளாஸ்டிக் யானை இரண்டு வைத்து, ஏசி போட்டு மண்டபமாக்கியிருந்தார்கள். மேலே இரும்புச் சட்டம் மட்டும் பழசு. அதை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு இலை போட்ட இடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் எஸ்தரின் மெஷின். "இன்னாக்கா, பிரியாணி புடிக்கலயா?" என்று மாப்பிள்ளையே வந்து கேட்டான். சாப்பிட்டாச்சு என்று இலையை மடித்தேன். அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்தேன், எஸ்தரிடம் சொல்லிவிடுவது என்று. இருபத்திரண்டு வருஷம் தள்ளிப்போட்டது போதும் என்று. சித்தியிடம் கேட்டதும் அவள் வீடு உடனே தெரிந்தது. "கையில ஷூ தெக்கிறவ தானே? அந்த எஸ்தரா?"

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்தேன். பாலாற்றுப் பக்கமாகத் திரும்பியதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, மெட்ராஸா?" என்றார்.

"இல்லப்பா, ஆம்பூர்தான்."

அவர் சிரித்தார். "ஊர்க்காரங்க மூக்க மூட மாட்டாங்கம்மா."

அப்போதுதான் பார்த்தேன், முந்தானை என் மூக்கில் இருந்தது. எப்போது மூடினேன் என்றே தெரியவில்லை. சட்டென்று இறக்கினேன். வாடை குப்பென்று ஏறியது, குமட்டியது. விட்டேனா பார் என்று மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வழி நெடுக மனசுக்குள் ஒரு சினிமா ஓட்டிக்கொண்டு போனேன். நான் சொல்வேன், அவள் கத்துவாள், கன்னத்தில் ஒன்று வைத்தாலும் வைப்பாள், பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவோம், மத்தியானம் அவள் வீட்டில் சாப்பாடு. இந்த வயசில் இப்படி ஒரு நினைப்பு, வெட்கக்கேடு.

ஒற்றை அறை வீடு. வாசலுக்கு உள்ளே பாயில் உட்கார்ந்து எஸ்தர் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் இல்லை, கையால். கம்பெனிகள் சில மாடல் ஷூவின் முன்பக்கத்தைக் கைத்தையலுக்கு வீடுகளுக்கு அனுப்புகின்றன. மூட்டையாக வந்திறங்கும், தைத்து மூட்டையாகப் போகும். இரண்டு கையிலும் இரண்டு ஊசி. ஆள்காட்டி விரல்களில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

"வாங்க. உக்காருங்க" என்றாள்.

'வாடி' இல்லை, 'வாங்க'. நான் அவள் காட்டிய நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்தேன். அவள் தடுக்கவில்லை, நகர்ந்தும் கொடுக்கவில்லை. காலேஜ் போகிற மகள் ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எஸ்தர் நிமிராமலே, "அது போர் தண்ணிடி. அவங்களுக்கு கேன் தண்ணி குடு" என்றாள்.

உங்களுக்குப் புரியாது, சொல்கிறேன். தோல் பதனிடுகிற டேனரிகளின் கழிவு இறங்கி எங்கள் ஊர் நிலத்துத் தண்ணீர் கரித்துப் போய்விட்டது. வெளியூர் விருந்தாளி வந்தால் கேன் தண்ணீர், வீட்டு ஆட்களுக்கு போர் தண்ணீர். "இதையே குடிக்கிறேன் எஸ்தர். இத குடிச்சித்தானே வளந்தேன்" என்றேன்.

"உங்களுக்கு ஒத்துக்காது" என்றாள். மகள் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கல்யாணம், பிள்ளைகள், வெயில் என்று கொஞ்ச நேரம் பேசினோம். நான்தான் பேசினேன். அவள் கை நிற்கவே இல்லை. மகள் டியூஷனுக்குக் கிளம்பிப் போனதும் ஆரம்பித்தேன். "எஸ்தர், அன்னிக்கி கம்பெனில, அந்த ஊசி..."

"தெரியும்."

"இன்னா தெரியும்?" என்றேன், முட்டாள் மாதிரி.

"சாப்ட்டு வந்து ரெண்டு தையல் ஓட்டனதுமே தெரிஞ்சிது. சத்தம் மாறிப்போச்சி. நான் மாட்டன ஊசி இல்ல அது. அடில தொட்டுப் பாத்தேன், ஒட்டி வெச்சதும் இல்ல. ஒடச்சிட்டு பயந்துனு கீறா, பஸ்ல சொல்லுவா, ரெண்டு போடு போடலாம்னு இருந்தேன். துண்டு எல்லாத்தையும் நீ எடுத்திருப்பன்னு நெனச்சேன். நீ செக்கராச்சேடி."

அந்த 'டி' காதில் விழுந்ததும், கேவலம், எனக்குள் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கூடவே ஒன்று உறைத்தது. ஊசி மாறியது தெரிந்தும் அவள் கையைத் தூக்காமல் தைத்தது என்னைக் காப்பாற்றத்தான்.

"அப்ப ஏன் என் பேர சொல்லல? ஆபீஸ் ரூம்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நீ சொல்லுவன்னு பாத்தேன். கண்ணாடி வழியா பாத்துனே இருந்தேன். வாசல் கேட்டாண்ட போயும் திரும்பிப் பாத்தேன். நீ ஸ்டிக்கர் ஒட்டினு இருந்த."

நான் அழுதேன். மன்னித்துவிடு என்றேன். எத்தனை தடவை என்று தெரியாது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பீஸைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"இருவத்திரெண்டு வருசம் தூக்கினு இருந்துட்டு இப்ப கொண்டாந்து எறக்கற. சொல்லிட்ட, உனுக்கு லேசாய்டும். எறக்கி எங்க வெக்கிற? என் வூட்லயா? எனுக்கு எடம் இல்ல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அவள் அடுத்த பீஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ரயிலுக்கு நேரமாவுதில்ல உங்களுக்கு" என்றாள். 'உங்களுக்கு' திரும்பி வந்துவிட்டது. ரயில் சாயங்காலம்தான். ஆமாம் என்று எழுந்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வர்றேன் எஸ்தர்" என்றேன்.

"சரி, போங்க."

ரயிலில் உட்கார்ந்து காட்பாடி தாண்டின பிறகுதான் அது முழுசாக உறைத்தது. எங்கள் பக்கத்தில் யாரையும் போங்க என்று அனுப்ப மாட்டோம். ஓட்டுக் கேட்டு வருகிறவனைக்கூட, மனசுக்குள் திட்டிக்கொண்டே, போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புவோம். ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோரும் அங்கே என்னென்ன இல்லாமல் போனது என்று பேச உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். ஆற்றில் தண்ணீர் போச்சு, மணல் போச்சு, தியேட்டர் போச்சு, புளியமரங்கள் போச்சு என்று அடுக்குவார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் அடுக்கியிருக்கிறேன். அதையெல்லாம் இல்லாமல் ஆக்கியது யார் யாரோ. ஒரு வீட்டு வாசலில் எனக்குச் சொல்ல வேண்டிய அந்த 'போயிட்டு வாங்க'வை இல்லாமல் ஆக்கியது நான்தான்.